குண்டு கிளம்பும் முன்பே மூடிய கண்

கைத்துப்பாக்கி பழக ஆரம்பித்து அது மூன்றாவது மாதம். அதுவரை நான் தொட்டது .22 ரிவால்வரை மட்டும்தான். பத்து மீட்டரில் ஆறு குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குக் கை நிலைத்திருந்தது. ஒரு நாள் பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன்னுடைய .44 மேக்னம் ரிவால்வரை நீட்டி, "சுட்டுப் பாருங்க தம்பி, அப்பதான் துப்பாக்கின்னா என்னன்னு தெரியும்" என்றார். ஆசை யாரை விட்டது? வாங்கிக்கொண்டேன். மூன்று தோட்டாக்கள்தான் போட்டிருந்தார்.

முதல் குண்டு இலக்கு அட்டையில் எங்கோ பட்டது. இரண்டாவது அட்டையின் கீழ் விளிம்பைக் கிழித்தது. மூன்றாவது அட்டைவரை போகவே இல்லை, முன்னால் தரையில் மண்ணைக் கிளப்பியது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதை சிவந்து போயிருந்தது. அது இரண்டு நாளில் சரியாகிவிட்டது. சரியாகாதது வேறொன்று.

அடுத்த வாரம் என் பழைய .22 ரிவால்வரை எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிய குண்டுகள் இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறின. பெரும்பாலும் கீழே, இடது பக்கமாக. பயிற்சியாளர் எதுவும் சொல்லாமல் ரிவால்வரை வாங்கினார். எனக்குத் தெரியாமல் ஆறு அறைகளில் இரண்டில் மட்டும் சுட்டு முடித்த காலி உறைகளைச் செருகி, உருளையைச் சுழற்றி மூடிக் கொடுத்தார். சுட்டேன். இரண்டாவது முறை விசையை அழுத்தியபோது 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும். வெடி இல்லை, துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளும் உதையும் இல்லை. ஆனாலும் குழலின் நுனி ஒரு விரற்கடை கீழே குத்தி நின்றது. யாரும் உதைக்கவில்லை, நானே அதைக் கீழே தள்ளியிருந்தேன். கண்ணும் மூடியிருந்தது என்றார் அவர். வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகிவிட்டது. அந்த மூன்று தோட்டாக்கள் கற்றுக்கொடுத்த பழக்கத்தை மறக்க எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

எந்தக் காலிபர் பெரியது, எது ஆளை நிறுத்தும் என்ற பேச்சு எங்கே வந்தாலும் எனக்கு அந்த 'க்ளிக்'தான் ஞாபகம் வருகிறது.

முதலில் காலிபர் என்ற எண்ணையே கொஞ்சம் பார்த்துவிடலாம். அது குண்டின் அல்லது குழலின் விட்டம், அவ்வளவுதான். .45 என்றால் ஓர் அங்குலத்தின் நூறில் 45 பங்கு, ஏறக்குறைய 11.4 மி.மீ. அதுகூட எப்போதும் உண்மை சொல்வதில்லை. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டக் குண்டைத்தான் சுடுகின்றன. .44 மேக்னத்தின் குண்டு உண்மையில் .429 அங்குலம். இதைவிடத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. பழகுபவர்கள் கையில் கொடுக்கும் .22 எல்ஆர் தோட்டாவின் குண்டும், ராணுவ ரைஃபிளின் 5.56 நேட்டோ தோட்டாவின் குண்டும் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றே, சுமார் 5.7 மி.மீ. கைத்துப்பாக்கியிலிருந்து கிளம்பும் .22 குண்டின் ஆற்றல் சுமார் 140 ஜூல். 5.56 குண்டுக்குச் சுமார் 1,770 ஜூல். விட்டம் ஒன்று, ஆற்றல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஆகவே 'எந்த காலிபர்?' என்று மட்டும் கேட்டால் பதிலில் பாதிதான் கிடைக்கும். குண்டு எத்தனை கிராம், என்ன வேகத்தில் போகிறது, எத்தனை கிலோ துப்பாக்கியிலிருந்து போகிறது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உதையின் கணக்கு பள்ளிக்கூட இயற்பியல்தான். குண்டும் வெடிமருந்தின் வாயுவும் முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகின்றனவோ, அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வரும். உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்குவது. ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பல சண்டைகளுக்கு விடை இருக்கிறது.

9 மி.மீ. பாரபெல்லத்தையும் .45 ஏசிபியையும் எடுத்துக்கொள்வோம். முதலாவது கியார்க் லூகர் 1902-ல் வடிவமைத்தது. இரண்டாவது ஜான் பிரவுனிங் உருவாக்கியது, 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டலின் தோட்டா. 9 மி.மீ. குண்டு 8 கிராம், வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். .45 குண்டு 14.9 கிராம், வினாடிக்குச் சுமார் 255 மீட்டர். ஆற்றலைக் கணக்கிட்டால் ஒன்று 490 ஜூல், மற்றது 485 ஜூல். ஏறத்தாழ சமம். நூறு வருஷமாக இவை இரண்டுக்காகவும் மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள், ஆனால் குண்டு சுமந்து போகும் ஆற்றல் ஒன்றுதான். உந்தம் மட்டும் சமமில்லை. 9 மி.மீ. குண்டுக்கு 2.8, .45 குண்டுக்கு 3.8 அலகு. மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஒரே எடையுள்ள துப்பாக்கிகளில் சுட்டால் .45 கையை அதிகமாக உதைப்பதற்குக் காரணம் இதுதான். கனமான குண்டு மெதுவாகப் போனாலும், அதற்குரிய உதையைக் கை வாங்கித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் துப்பாக்கியின் எடை. இதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அதே .38 ஸ்பெஷல் தோட்டா, ஒரு கிலோ எடையுள்ள இரும்பு ரிவால்வரில் சுட்டால் துப்பாக்கி பின்னால் வரும் ஆற்றல் மூன்றரை ஜூல் அளவில் இருக்கும். பாக்கெட்டில் போடுவதற்கென்று 400 கிராம் எடையில் செய்த குட்டி ரிவால்வரில் சுட்டால் அது எட்டு ஜூலைத் தொடும். தோட்டா மாறவில்லை, காலிபர் மாறவில்லை, உதை இரட்டிப்புக்கு மேல். 'சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி' என்று அனுபவமில்லாதவர்களுக்குக் குட்டி ரிவால்வரை வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். அவர்கள் பத்து குண்டு சுட்டுவிட்டு, இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். பிழை அவர்கள் மேல் இல்லை.

இதே கணக்கை ரைஃபிளுக்குப் போட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். 5.56 ரைஃபிள் சுமார் 3.4 கிலோ. அதன் உதை ஏறத்தாழ 5 ஜூல். 850 கிராம் எடையுள்ள 9 மி.மீ. பிஸ்டலுக்கு அது 6 ஜூல். அதாவது மூன்றரை மடங்கு ஆற்றலுள்ள குண்டைச் சுடும் ரைஃபிள், பிஸ்டலை விட மென்மையாக நடந்துகொள்கிறது. அதுவும் பிஸ்டலின் உதையை இரண்டு மணிக்கட்டு தாங்க வேண்டும், ரைஃபிளின் உதையைத் தோளும் மார்பும் முழு உடம்பும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. 7.62 நேட்டோ சுடும் நான்கு கிலோ ரைஃபிள் 16 அல்லது 17 ஜூலில் தோளைத் தள்ளும். நான் சுட்ட .44 மேக்னம் ரிவால்வர்? சுமார் 25 ஜூல், அதுவும் வெறும் கையில். அந்த ரிவால்வரின் குண்டுக்கு 1,300 ஜூல், 7.62 குண்டுக்கு 3,350 ஜூல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியவர் நல்ல மனசோடுதான் கொடுத்தார். ஆனால் அவர் என் கையில் கொடுத்தது ராணுவ ரைஃபிளை விட அதிகமாக உதைக்கும் ஒரு பொருள்.

கணக்கில் வராத உதையும் இருக்கிறது. பிடி உள்ளங்கையில் எவ்வளவு உயரமாக உட்கார்கிறது, குழல் கைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது, ரைஃபிளின் பின்கட்டையின் வளைவு கன்னத்தில் எப்படிப் படுகிறது, ரப்பர் மெத்தை இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் உடம்பு உணரும் உதையைத் தீர்மானிக்கின்றன. குழலின் நுனியில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் பிரேக் மாட்டினால் உதை நன்றாகக் குறையும், ஆனால் சத்தம் சுடுபவர் மீதும் பக்கத்தில் நிற்பவர் மீதும் அறையும். சத்தமும் உதையின் ஒரு பகுதிதான் என்று நான் நம்புகிறேன். காதுக்கு அடைப்பானும் அதன் மேல் உறையும் சேர்த்துப் போட்ட நாளில் என் குண்டுகள் நெருங்கி விழுந்தன. துப்பாக்கி அதே, தோட்டா அதே.

ரிவால்வரில் இன்னொரு நுணுக்கம். குண்டு குழலை விட்டுப் போவதற்கு முன்பே துப்பாக்கி நுனி தூக்க ஆரம்பித்துவிடும். கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருப்பதால் நுனி அதற்குள் இன்னும் உயர்ந்திருக்கும், குண்டு இலக்கில் மேலே போய்ப் படும். லேசான, வேகமான குண்டு கீழே படும். முதன்முறை இதைப் பார்த்தபோது தோட்டாக்களில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பெட்டியையே மாற்றினேன். அப்புறம்தான் குறிபார்க்கக் குழலின் நுனியில் வைத்திருக்கும் முன்குறி ஏன் அவ்வளவு உயரமாக இருக்கிறது என்பது புரிந்தது. பார்வைக்கோடு நேராக இருக்கும்போது குழல் கொஞ்சம் கீழ் நோக்கியே இருக்கிறது, உதை அதைத் தூக்கிச் சரிசெய்யும் என்ற எதிர்பார்ப்பில்.

சரி, நிறுத்தும் திறனுக்கு வருவோம்.

திரையில் ஒருவன் சுடப்பட்டதும் காற்றில் பறந்து பின்னால் விழுவான். அது நடக்கவே முடியாது. மேலே சொன்ன கணக்கே சாட்சி. குண்டு கொண்டுபோகும் உந்தம் சுடுபவர் கையில் வாங்கிய உந்தத்தை விட ஒருபோதும் அதிகமில்லை. .45 குண்டு 70 கிலோ உடம்பில் முழுவதுமாக நின்றுவிட்டால், அந்த உடம்புக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். 7.62 ரைஃபிள் குண்டுக்குப் பதினொன்று. நாம் சாதாரணமாக நடப்பதே வினாடிக்கு நூறு சென்டிமீட்டருக்கு மேல். ஆக, தள்ளுவதால் எதுவும் நிற்பதில்லை.

அப்படியானால் எது நிறுத்துகிறது? இந்தக் கேள்விக்கு 1904-ல் அமெரிக்க ராணுவம் விடை தேடியது. பிலிப்பைன்ஸில் .38 ரிவால்வர் குண்டுகள் பட்டும் எதிரிகள் ஓடி வந்துகொண்டே இருந்தார்கள் என்ற புகார் எழுந்திருந்தது. ராணுவ அதிகாரி தாம்சனும் ராணுவ மருத்துவர் மேஜர் லாகார்டும் இறைச்சிக்கான மாடுகளின் மீதும், இறந்த மனித உடல்களின் மீதும் பல காலிபர்களைச் சுட்டுப் பார்த்தார்கள். படிக்கவே கஷ்டமாக இருக்கும் சோதனைகள் அவை. ராணுவக் கைத்துப்பாக்கி .45-க்குக் குறையக் கூடாது என்று அறிக்கை கொடுத்தார்கள். இந்த வரியை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே அறிக்கை, உடம்பின் முக்கியமான இடங்களில் படாவிட்டால் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டையும் நம்ப முடியாது, ஆகவே வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடுவதில் விடாமல் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அந்த அறிக்கையில் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதிதான்.

எண்பது வருஷம் கழித்து, 1986 ஏப்ரல் 11 அன்று, மயாமியில் எட்டு எஃப்பிஐ அதிகாரிகளுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. ஆரம்பத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையர்களில் ஒருவனின் வலது கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்து, இதயத்தைத் தொடாமல் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அவன் சாவதற்குப் போதுமான காயம்தான். ஆனால் அதற்குப் பின்னும் அவன் சண்டையைத் தொடர்ந்தான், இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள்.

அதிலிருந்து எஃப்பிஐ எடுத்துக்கொண்ட பாடம் இரண்டு. ஒன்று, குண்டு போதிய ஆழம் போக வேண்டும். மனிதத் தசைக்கு ஈடாகப் பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட்டு, குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் என்று அளவு வைத்தார்கள். ஜெலட்டினை இப்படி ஓர் அளவுகோலாக்கியதில் ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லரின் உழைப்பு பெரிது. இரண்டாவது பாடம், பெரிய காலிபர் வேண்டும் என்பது. 10 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் உதை பல அதிகாரிகளுக்கு அதிகமாக இருந்ததால் வெடிமருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீள உறை தேவையில்லை என்று உறையைச் சுருக்கியதில் 1990-ல் .40 எஸ் அண்ட் டபிள்யூ பிறந்தது. கால் நூற்றாண்டு போலீஸ்காரர்களின் இடுப்பில் அது தொங்கியது.

2014-ல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவு மறுபடியும் 9 மி.மீ.க்கே திரும்பலாம் என்று எழுதியது. உடம்பில் பட்டதும் அகலமாக விரியும் நல்ல குண்டுகள் வந்துவிட்டதால் 9 மி.மீ., .40, .45 மூன்றும் உண்டாக்கும் காயத்தில் கண்டுபிடிக்கும்படியான வித்தியாசம் இல்லை, 9 மி.மீ.யில் பெரும்பாலானவர்கள் வேகமாகவும் குறிதவறாமலும் சுடுகிறார்கள் என்பதுதான் அது சொன்ன காரணம். நிஜச் சண்டைகளில் போலீஸ் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 சதவீதம் குறி தப்புகின்றன என்பதையும் அந்த ஆவணம் சொன்னது. இதைப் படித்தபோது என் .22 ரிவால்வரின் குழல் கீழே குத்தியது ஞாபகம் வந்தது. இரண்டு மில்லிமீட்டர் அகலம் கூடுவதற்காக இன்னும் நாலு குண்டு குறி தப்பினால், அந்த அகலத்தால் யாருக்கு என்ன பயன்?

கைத்துப்பாக்கிக் குண்டு தன் பாதையில் எதைக் கிழிக்கிறதோ அதைத்தான் சேதப்படுத்தும். மூளையோ தண்டுவடமோ சேதமடைந்தால் உடனே எல்லாம் நிற்கும். மற்றதெல்லாம் ரத்தம் இழந்து நிற்பதுதான், அதற்கு நேரமாகும். இதயமே அழிந்தாலும் மூளையில் மிச்சமுள்ள ஆக்சிஜன் பத்துப் பதினைந்து வினாடிக்குப் போதும் என்று எஃப்பிஐயின் 1989 அறிக்கை சொல்கிறது. பதினைந்து வினாடியை மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். 'ஒரே குண்டில் நிறுத்தும் காலிபர்' என்று யாராவது விற்க வந்தால் இந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரைஃபிள் வேறு ஜாதி. வேகம் வினாடிக்கு 600 மீட்டரைத் தாண்டும்போது குண்டு தன்னைச் சுற்றியுள்ள தசையை வெளிப்புறமாக வீசித் தள்ளுகிறது. கைத்துப்பாக்கியிலும் இந்தத் தற்காலிகக் குழி உண்டாகும், ஆனால் தசை ரப்பர் போல விரிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். ரைஃபிள் வேகத்தில் அந்த விரிவு தாங்கும் எல்லையைக் கடந்து கிழிந்துவிடுகிறது. நெகிழாத கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கு இன்னும் மோசம். அதிலும் காலிபர் மட்டும் பேசுவதில்லை. பழைய 5.56 குண்டு தசைக்குள் 12 சென்டிமீட்டர் போனதும் புரண்டு, அருகிலிருந்து சுட்டிருந்தால் உடைந்தும் போகும். ஏகே-47-இன் பழைய இரும்பு உள்ளகக் குண்டு அகலத்தில் பெரியது, ஆனால் 26 சென்டிமீட்டர் வரை நேராகவே போகும் என்று ஃபேக்லர் காட்டினார். அதாவது பல நேரம் புரளுவதற்கு முன்பே உடம்பை விட்டு வெளியேறிவிடும். அகலமானது குறைவாகவும் ஒல்லியானது அதிகமாகவும் சேதம் செய்வது இப்படித்தான்.

வேட்டையில் இந்தப் பேச்சுக்கு வேறொரு கனம் இருக்கிறது. அங்கே குறி தப்பினால் ஒரு விலங்கு நாள்கணக்கில் வலியோடு அலையும். .375 எச் அண்ட் எச் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் அதன் உதை 50 ஜூலைத் தாண்டும் என்பதைத் தோளில் உணர்ந்தபின், பயிற்சியில் பத்துக் குண்டுக்கு மேல் சுடுவதில்லை. பழகாத துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற வால்டர் பெல், அவற்றில் பெரும்பகுதியை 7 மி.மீ. மவுசர் தோட்டாவால்தான் வீழ்த்தினார். அந்த எண்ணிக்கையை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது, அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்திருந்தார், லேசான உதையுள்ள ரைஃபிளை எப்போதும் கையில் வைத்துப் பழகியிருந்தார் என்பது காலிபரைப் பற்றி நிறையச் சொல்கிறது. அதற்காக இன்றைக்கு யாரும் பெரிய விலங்குக்குச் சின்னத் தோட்டா போதும் என்று கிளம்பக் கூடாது. அந்தக் கை எல்லோருக்கும் இல்லை. விலங்குக்குத் தேவையான குறைந்தபட்சத்தைத் தாண்டியபின், தாங்க முடிந்த உதைக்குள் நிற்பதுதான் நான் சொல்ல வருவது.

யாராவது என்னிடம் எந்தக் காலிபர் என்று கேட்டால் நான் எண் சொல்வதில்லை. நாலைந்து துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கச் சொல்கிறேன், ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு. முதல் குண்டின் துல்லியத்தைப் பார்க்க வேண்டாம், ஐந்தாவதைப் பாருங்கள். முதலாவதும் ஐந்தாவதும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால் அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்கு ஒத்துவருகிறது. ஐந்தாவது கீழே இறங்க ஆரம்பித்தால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

என் .22 ரிவால்வர் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது நான் பெரும்பாலும் சுடுவது 9 மி.மீ., எப்போதாவது 7.62 ரைஃபிள். எதைச் சுட்ட நாளிலும் கடைசி ஆறு குண்டு .22-ல்தான். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, எத்தனை காலி உறை என்று சொல்லாமல் போட்டுத் தரச் சொல்வேன். போன வாரம் மூன்று போட்டிருந்தார். மூன்று முறையும் 'க்ளிக்' கேட்டது, மூன்று முறையும் முன்குறி இலக்கின் நடுவிலேயே அசையாமல் நின்றது.